கொடியோடு ஓடியவர் தளபதியான கதை: சேத்துப்பட்டு கோட்டையை பிடித்த அயர்கூட்

சேத்துப்பட்டு:-

ஆரணி, வந்தவாசி, போளூர் சாலைகள் சந்திக்கும் சேத்துப்பட்டில் ஒரு காலத்தில் கோட்டை இருந்தது. அதை பிடிக்க பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் மோதிக்கொண்டனர். 1757-ல் பிரெஞ்சு படை கோட்டையை கைப்பற்றியது. 3 வருஷம் கூட முழுசாக நிலைக்கவில்லை. 1760 ஜனவரி மாத கடைசியில் அது ஆங்கிலேயர் கைக்கு போய்விட்டது. அந்த படைக்கு தளபதி, பள்ளிக்கூட பாட புத்தகத்தில் வந்தவாசி போர் என்றதும் வரும் அதே அயர்கூட்தான்.

அயர்லாந்து நாட்டில் லிமரிக் பகுதியில் 1726-ல் பிறந்தவர். அப்பா பாதிரியார். சின்ன வயசிலேயே ராணுவத்தில் சேர்ந்துவிட்டார். ஆனால் ஆரம்பமே சறுக்கல். 1746-ல் ஸ்காட்லாந்தில் பால்கிர்க் என்ற இடத்தில் நடந்த போரில் ஆங்கிலேய படை சிதறி ஓடியது. கூட்டும் ஓடினார், கையில் படைப்பிரிவின் கொடியோடு! விஷயம் ராணுவ கோர்ட்டு வரை போனது. அத்தோடு அவர் கதை முடிந்திருக்க வேண்டும். கொடி எதிரி கையில் சிக்காமல் வந்து சேர்ந்ததுதான் அவரை காப்பாற்றியது என்பார்கள்.

கிளைவுடன் மோதல்

1754-ல் சென்னைக்கு கப்பலில் வந்து இறங்கினார். அவர் வந்த 39-வது படைப்பிரிவுதான் இந்தியாவுக்கு வந்த முதல் அரச படைப்பிரிவு. அங்கிருந்து வங்காளம் அனுப்பப்பட்டார். 1757 ஜனவரியில் கல்கத்தா கோட்டையை மீட்டதும், அது யார் பொறுப்பில் இருப்பது என்று ராபர்ட் கிளைவுக்கும் இவருக்கும் தகராறு. கிளைவ் கம்பெனி ஆள், கூட் ராஜாவின் ஆள். இரண்டு பேருமே விட்டுக்கொடுக்கிற ரகம் இல்லை.

பிளாசி போருக்கு முன்பு நடந்த ஆலோசனையில், இப்போது சண்டை வேண்டாம் என்றது கிளைவ் பக்கம். உடனே தாக்கணும் என்றார் கூட். கடைசியில் கிளைவே மனசு மாறி தாக்கினார். ஜெயித்த பெயர் மட்டும் கிளைவுக்கு போனது.

வந்தவாசியில் வெற்றி

1759-ல் லெப்டினன்ட் கர்னலாக மறுபடி சென்னை வந்தார். வந்த வேகத்தில் வந்தவாசி, கருங்குழி கோட்டைகளை பிடித்தார். வந்தவாசியை மீட்க பிரெஞ்சு தளபதி லாலி படையோடு வந்து முற்றுகையிட்டார். 1760 ஜனவரி 22-ந் தேதி போர். பிரெஞ்சு படையின் இடது பக்கம் ஒரு ஏரிக்கரையை ஒட்டி நின்றது. அங்கிருந்த வெடிமருந்து வண்டி மீது குண்டு விழுந்து வெடித்து சிதறியது. அவ்வளவுதான், படை நிலைகுலைந்தது. புகழ்பெற்ற தளபதி புஸ்ஸி கைதியானார்.

அடுத்த சில நாட்களில் சேத்துப்பட்டு, பிப்ரவரியில் ஆற்காடு என்று வரிசையாக கோட்டைகள் விழுந்தன. 1761 ஜனவரி 16-ந் தேதி புதுச்சேரியும் பணிந்தது. தோற்றுப்போன லாலிக்கு சொந்த நாட்டிலேயே 1766-ல் மரண தண்டனை. கூட்டுக்கோ கிழக்கிந்திய கம்பெனி வைரம் பதித்த வாளை பரிசளித்தது.

ஊருக்கு போய் பண்ணை வாங்கினார், 1768-ல் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார், 'சர்' பட்டமும் கிடைத்தது. நடுவில் சென்னைக்கு தளபதியாக வந்தவர், 1770-ல் கவர்னரோடு சண்டை போட்டுக்கொண்டு கிளம்பிப்போனார். மேலதிகாரிகளோடு ஒத்துப்போவது மட்டும் கடைசி வரை அவருக்கு வரவில்லை. சம்பளம், படி விஷயத்திலும் ரொம்ப கறார். 1779-ல் இந்தியா முழுவதற்குமான தளபதியாக வந்தபோது, அவர் வாங்கிய படித்தொகை கல்கத்தாவில் பெரிய பேச்சானது.

ஆரணியில் ஐதர்அலி

1780-ல் மைசூர் ஐதர்அலி படையெடுத்து வந்தார். பொள்ளிலூரில் ஆங்கிலேய படை ஒன்று அடியோடு அழிந்தது. சென்னை நடுங்கியது. கூட்டை கூப்பிடு என்றார்கள். உடம்பு சரியில்லாத 54 வயசு மனுஷர் கப்பல் ஏறி வந்தார். 1781 ஜூலை 1-ந் தேதி பரங்கிப்பேட்டையில் ஐதர்அலியை தோற்கடித்தார். அடுத்து பொள்ளிலூர், சோளிங்கர். சிப்பாய்கள் அவரை கூட் பகதூர் என்றே கூப்பிட்டார்கள்.

ஆனால் ஜெயித்தும் துரத்த முடியவில்லை. வண்டி இழுக்க மாடு இல்லை, சிப்பாய்க்கு அரிசி இல்லை. இந்த சண்டையில் ஊர் ஊராக எரிந்ததும், ஜனங்கள் பஞ்சத்தில் செத்ததும் தனி சோகம். எந்த தளபதியின் வெற்றி கணக்கிலும் அது சேரவில்லை.

ஐதர்அலி தன் ஆயுதங்களையும் தானியத்தையும் ஆரணி கோட்டையில் குவித்து வைத்திருந்தார். அதை குறி வைத்து கூட் நகர, 1782 ஜூன் 2-ந் தேதி ஆரணி அருகே மோதல். ஒரு பீரங்கியும் சில வெடிமருந்து வண்டிகளும் சிக்கின. அதற்குள் திப்புசுல்தான் கோட்டைக்குள் கூடுதல் படையை சேர்த்துவிட்டார். ஆரணி கோட்டை கடைசி வரை கூட்டுக்கு கிடைக்கவே இல்லை. 22 வருஷத்துக்கு முன்னால் பக்கத்து சேத்துப்பட்டை சுலபமாக பிடித்தவர், இங்கிருந்து வெறுங்கையோடு திரும்பினார்.

இரண்டு பேரும் நேருக்கு நேர் மோதியது அதுவே கடைசி. அந்த டிசம்பரில் ஐதர்அலி சித்தூர் அருகே பாசறையில் இறந்தார். நோயாளியாக கல்கத்தா போயிருந்த கூட், 1783-ல் மறுபடி சென்னைக்கு புறப்பட்டார். வழியில் பிரெஞ்சு கப்பல்கள் துரத்தின. தப்பித்து கரை சேர்ந்தவர், ஏப்ரல் மாத கடைசியில், வந்த ஓரிரு நாளிலேயே சென்னையில் உயிரிழந்தார். உடலை இங்கிலாந்துக்கு கொண்டு போய் ராக்போர்ன் கிராம சர்ச்சில் அடக்கம் செய்தனர்.