மின் இரயிலுக்கு வழி வகுத்த மேதை காண்டோ

தண்டவாளத்திற்கு மேலே ஒற்றைக் கம்பி ஓடுகிறது. அதைத் தொட்டுக்கொண்டே மின்சார இரயில் விரைகிறது. அன்றாடம் நாம் காணும் காட்சிதான் இது. வீட்டு விளக்கை எரிக்கும் அதே மின்சாரம் இரயிலையும் இழுக்கும் என்று நிலைநாட்ட ஒருவர் தம் வாழ்நாளையே செலவிட்டார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவர்தான் ஹங்கேரி நாட்டுப் பொறியியல் மேதை கால்மான் காண்டோ.

காண்டோ 1869ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் இன்றைய புடாபெஸ்ட் நகரில் பிறந்தார். அங்கேயே பொறியியல் பயின்று, 1894இல் கான்ஸ் தொழிற்சாலையில் சேர்ந்தார்.

அந்நாளில் மின்சார வண்டி என்றாலே பெரும்பாலும் நகரத் தெருவில் ஓடும் டிராம்தான். அதற்குக் குறைந்த அழுத்தமுள்ள நேர்திசை மின்சாரம் போதும். நெடுந்தூர இரயிலுக்கோ அது ஒத்துவராது. அழுத்தம் குறைந்தால் மின்னோட்டம் மிகும். தடித்த கம்பி வேண்டும். சில கிலோமீட்டருக்கு ஒரு துணைமின் நிலையமும் வேண்டும். எனவே உயர் அழுத்த மாறுதிசை மின்சாரமே வழி எனக் காண்டோ கண்டார். 1902இல் வட இத்தாலியின் வால்தெல்லினாப் பாதையில், 106 கிலோமீட்டர் தூரம், 3,000 வோல்ட் மும்முனை மின்சாரத்தில் இரயிலை ஓட்டிக் காட்டினார். உலகமே வியந்தது.

ஆயினும் அவர் மனம் நிறைவடையவில்லை. மும்முனை மின்சாரத்திற்கு மேலே இரண்டு கம்பிகள் தேவைப்பட்டன. அதிர்வெண்ணும் மிகக் குறைவு என்பதால், இரயிலுக்கென்றே தனி மின் உற்பத்தி வேண்டியிருந்தது. ஏழை நாடு அதற்கு எங்கே போகும்?

முதல் உலகப் போரின்போது காண்டோ இத்தாலியிலிருந்து தாயகம் திரும்பினார். போரில் தோற்ற ஹங்கேரி, பெரும் நிலப்பரப்பையும் நல்ல நிலக்கரிச் சுரங்கங்களையும் இழந்திருந்தது. எஞ்சிய மட்டமான நிலக்கரி நீராவி எஞ்சினுக்கு ஏற்றதன்று. மின் நிலையத்தில் எரிக்கலாம். நாட்டின் பொது மின்சாரத்தையே, 50 அதிர்வெண்ணில், ஒற்றைக் கம்பி வழியே எடுத்து, எஞ்சினுக்குள்ளேயே பலமுனை மின்சாரமாக மாற்றும் கருவியைக் காண்டோ படைத்தார். 1923இல் சோதனை எஞ்சின் ஓடியது. குறைகள் தலைகாட்டின, ஆண்டுக்கணக்கில் முயன்று அவற்றைக் களைந்தார்.

புடாபெஸ்டிலிருந்து ஆஸ்திரிய எல்லையிலுள்ள ஹெஜெஷ்ஹலோம் வரை அம்முறையில் பாதை அமைக்கும் பணி நடந்தது. ஆனால் 1931 ஜனவரி 13இல் காண்டோ மறைந்தார். மறு ஆண்டே அப்பாதையின் முதற்பகுதியில் இரயில் ஓடியது. 1934இல் பாதை முழுதும் நிறைவுற்றது. ஏறத்தாழ 190 கிலோமீட்டருக்கு நான்கே துணைமின் நிலையங்கள் போதுமாயிருந்தன!

அவருடைய மாற்றுக் கருவி பின்னாளில் வழக்கொழிந்தது. எளிய கருவிகள் அதன் இடத்தைப் பிடித்தன. ஆனால் அவர் கொள்கை அழியவில்லை. பிரான்சு அதனை 25,000 வோல்ட்டில் செம்மைப்படுத்தியது. 1957இல் இந்திய இரயில்வேயும் அம்முறையை ஏற்றது. காண்டோ மறைந்த அதே 1931இல்தான் சென்னைக் கடற்கரை–தாம்பரம் பாதையில் 1,500 வோல்ட் நேர்திசை மின்சாரத்தில் இரயில் ஓடத் தொடங்கியது. 1967இல் அப்பாதையும் 25,000 வோல்ட்டுக்கு மாறியது.

நட்டவர் கனியை உண்ணவில்லை. ஆனால் நாடுகள் பல உண்கின்றன. நண்பர்களே, அடுத்தமுறை மின்சார இரயிலில் ஏறும்போது, மேலே ஓடும் அந்த ஒற்றைக் கம்பியைச் சற்றே நிமிர்ந்து பாருங்கள். அதுவே காண்டோவின் நினைவுச் சின்னம்!