எண்ணிக்கையில் அடங்காத அறிஞர் சத்யேந்திரநாத் போஸ்

புதுதில்லி: கட்டுரைகளின் எண்ணிக்கையும், பிற ஆய்வாளர்கள் அவற்றை மேற்கோள் காட்டிய அளவும் மட்டுமே ஓர் அறிஞரின் தகுதிக்குச் சான்றாகிவிடுமா என்ற கேள்விக்கு, இயற்பியலாளர் சத்யேந்திரநாத் போஸின் வாழ்க்கையே விடை.

1894-ஆம் ஆண்டு கொல்கத்தாவில் பிறந்த போஸ், டாக்கா பல்கலைக்கழகத்தில் ரீடராக இருந்தபோது, ஒளித்துகள்களைக் கணக்கிடும் புதிய முறையை வகுத்தார். 1924-இல் அவர் அனுப்பிய கட்டுரையை ஐன்ஸ்டீனே ஜெர்மன் மொழியில் பெயர்த்து ஆய்விதழில் வெளியிடச் செய்தார். முனைவர் பட்டம் இல்லாத போஸ், ஐன்ஸ்டீனின் பரிந்துரையுடன் பேராசிரியரானார்.

அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரைகள் மிகச் சிலவே. ஆயினும் ஒருவகை அடிப்படைத் துகள்கள் அவர் பெயரால் "போஸான்கள்' என வழங்குகின்றன. லேசர் ஒளியின் இயல்பை விளக்குவதும் அவரது கணக்கீடே. லேசரைக் கொண்டு அணுக்களைக் குளிர்வித்து, போஸ்-ஐன்ஸ்டீன் செறிவை 1995-இல் உருவாக்கிய மூவர் 2001-இல் நோபல் பரிசு பெற்றனர். போஸுக்கு அப்பரிசு கிட்டவில்லை.

தாய்மொழியில் அறிவியலைப் பரப்ப 1948-இல் வங்கீய விஞ்ஞான் பரிஷத்தை நிறுவிய அவர், 1952 முதல் மாநிலங்களவையின் நியமன உறுப்பினராகவும் இருந்தார், 1974-இல் காலமானார்.

பல்கலைக்கழக மானியக் குழு 2010-இல் கொண்டுவந்த மதிப்பெண் முறை அன்றே இருந்திருந்தால், அவருக்குப் பேராசிரியர் பதவி கிடைத்திருப்பது அரிது.