தகஹாஷி சிகுசான்

தகஹாஷி சிகுசான் (ஜூன் 18, 1910 - பெப்ரவரி 5, 1998) ஜப்பானைச் சேர்ந்த ஷாமிசென் இசைக்கலைஞர் ஆவார். இவரது இயற்பெயர் தகஹாஷி சதசோ. ஒன்சூ தீவின் வடகோடியிலுள்ள அவோமோரி மாகாணத்தின் மேற்குப் பகுதி சுகாரு எனப்படும். இவ்வட்டாரத்தின் நாட்டார் பாடல்களையும் சுகாரு ஷாமிசென் இசையையும் ஜப்பான் முழுவதும் அறியச் செய்தவர்களுள் இவர் முதன்மையானவர். பார்வையற்ற இவர், வீட்டு வாசல்களில் இசைத்து அரிசி பெற்று வாழ்ந்தவர். பிற்காலத்தில் அதே இசைக்காக அரசு விருது பெற்றார்.

சுகாரு ஷாமிசென்

ஷாமிசென் மூன்று நரம்புகள் கொண்ட இசைக்கருவி. ரியூக்கியூ தீவுகளின் சன்சின் என்னும் கருவி 16 ஆம் நூற்றாண்டில் ஜப்பானின் பெருநிலத்தை அடைந்து ஷாமிசென் ஆக உருமாறியது. சுகாருவில் தடித்த கழுத்தும் நாய்த்தோல் போர்த்திய உடற்பகுதியும் கொண்ட பெரிய ஷாமிசென் பயன்படுத்தப்படுகிறது. பாச்சி எனப்படும் அகன்ற மீட்டுகோலால் இதனை வாசிப்பர்.

இவ்விசையை வளர்த்தவர்கள் பொசாமா எனப்பட்ட பார்வையற்ற நாடோடிக் கலைஞர்கள். பார்வையற்ற ஆண்களின் தொழிற்குழுவாகிய தோதோசாவை மெய்ஜி அரசு 1871 இல் ஒழித்தது. இதனால் பார்வையற்றோர் பழைய பாதுகாப்பை இழந்தனர். பொசாமாக்கள் பாடியும் இசைத்தும் அரிசியோ காசோ பெற்று வாழ்ந்தனர். மக்கள் அவர்களது இசையை விரும்பினர். ஆயினும் அவர்களைப் பிச்சைக்காரர்களாகவே நடத்தினர்.

இளமைக் காலம்

சிகுசான் இன்றைய ஹிரனாய் நகரின் பகுதியாகவுள்ள நக்காஹிரனாய் சிற்றூரில், ஏழை உழவர் குடும்பத்தில் பிறந்தார். குழந்தைப் பருவத்தில் தட்டம்மை நோயால் பார்வையைப் பெரும்பாலும் இழந்தார். தொடக்கப் பள்ளியில் சேர்ந்தாலும் விரைவிலேயே படிப்பை நிறுத்தினார். பார்வையற்ற சிறுவனுக்கு அக்காலச் சிற்றூரில் பிழைக்கும் வழிகள் மிகக் குறைவாகவே இருந்தன. எனவே 15 வயதளவில் அருகிலிருந்த பொசாமா ஒருவரிடம் மாணவராகச் சேர்ந்து, அவர் வீட்டிலேயே தங்கிப் பாடலும் ஷாமிசென்னும் கற்றார்.

நாடோடி வாழ்க்கை

சில ஆண்டுகளில் ஆசிரியரைப் பிரிந்து, ஒன்சூவின் வடகிழக்கு மாகாணங்களிலும் ஹொக்கைடோ தீவிலும் தனியே அலைந்து இசைத்தார். பசியும் பனிக்காலக் குளிரும் வாசல்களில் விரட்டப்படுதலும் இவ்வாழ்க்கையில் வழக்கமாயின. மார்ச் 3, 1933 அன்று சன்ரிக்கு கடற்கரையைப் பேரலை தாக்கியபோது இவாத்தே மாகாணத்தின் கரையோரத்தில் தங்கியிருந்த இவர் மயிரிழையில் உயிர் தப்பினார். ஒலிகொண்டு கதை கூறும் கலையாகிய நனிவாபுஷிக்குப் பக்க இசைக் கலைஞராகவும் பணியாற்றினார்.

போர்க்காலத்தில் இசைத்துப் பிழைப்பது கடினமாயிற்று. 1944 இல் ஹச்சினொஹேயிலிருந்த பார்வையற்றோர், காது கேளாதோர் பள்ளியில் சேர்ந்து, அக்குபஞ்சர், உடற்பிடிப்பு ஆகியவற்றுக்கான உரிமம் பெற்றார்.

உன்சிகுவுடன்

போருக்குப் பின் சுகாரு நாட்டார் பாடல்களில் புகழ்பெற்ற பாடகரான நரிதா உன்சிகுவுக்கு (1888 - 1974) பக்க இசை வழங்கத் தொடங்கினார். 1950 இல் உன்சிகு இவருக்குச் சிகுசான் என்னும் பெயரைச் சூட்டினார். உன்சிகு என்பதற்கு முகில் மூங்கில் என்றும், சிகுசான் என்பதற்கு மூங்கில் மலை என்றும் பொருள். ஜொங்கரா, யொசரே, ஒஹாரா முதலான பாடல்களுடன் அதிகம் அறியப்படாத பாடல்களையும் இருவரும் மேடைகளில் வழங்கினர்.

தனி இசைக் கலைஞர்

சுகாருவில் ஷாமிசென் முதலில் பாட்டுக்குத் துணையாகவே இருந்தது. பாடல் தொடங்கும் முன் வாசிக்கப்பட்ட முன்னிசை படிப்படியாக நீண்டு தனி இசையாக வளர்ந்தது. 1963 இல் கிங் ரெக்கார்ட்ஸ் நிறுவனம் சிகுசானின் தனி இசைத்தட்டை வெளியிட்டது.

1973 முதல் டோக்கியோவின் ஷிபுயா பகுதியில், தேவாலயம் ஒன்றின் நிலவறையில் அமைந்த ஜான் ஜான் என்னும் சிற்றரங்கில் தொடர்ந்து நிகழ்ச்சிகள் நடத்தினார். பெருநகர இளைஞர்கள் திரளாக வந்து கேட்டனர். இசைக்கு இடையே தம் வாழ்க்கையைச் சுகாரு வட்டார வழக்கிலேயே நகைச்சுவையுடன் கூறுவது இவரது வழக்கம். ஒரு காலத்தில் இழிவாகக் கருதப்பட்ட பொசாமா வாழ்க்கையை இவர் மறைக்கவில்லை. 1975 இல் தன்வரலாற்று நூல் வெளிவந்தது. 1977 இல் இயக்குநர் கனேத்தோ ஷிந்தோ இவரது வாழ்க்கையைத் திரைப்படமாக்கினார்.

இசை முறை

சுகாரு ஷாமிசென்னில் மீட்டுகோலால் தோலை முரசு போல் ஓங்கி அடிக்கும் முறையும், நரம்பொலிக்கு முதன்மை தரும் மீட்டல் முறையும் உண்டு. சிகுசான் இரண்டாவது முறையின் சிறந்த எடுத்துக்காட்டாகக் கருதப்படுகிறார். வேகத்தைக் காட்டுவதைவிட ஒலியின் தெளிவிலும் மென்மையிலும் இவர் கருத்தூன்றினார். சுகாருவின் உயர்ந்த மலையான இவாக்கியின் (1,625 மீட்டர்) பெயரைக் கொண்ட இவரது கற்பனை இசைப் படைப்பு புகழ்பெற்றது.

பிற்காலம்

1975 இல் யொஷிகாவா எய்ஜி பண்பாட்டு விருதும் 1983 இல் அரசின் விருதும் பெற்றார். 1986 இல் ஐக்கிய அமெரிக்காவில் இசைப் பயணம் மேற்கொண்டார். 1997 இல் தம் மாணவி ஒருவருக்குத் தம் பெயரை வழங்கினார். அவர் இரண்டாம் தகஹாஷி சிகுசான் என அறியப்படுகிறார். குரல்வளைப் புற்றுநோயால் பாதிக்கப்பட்ட சிகுசான், பெப்ரவரி 5, 1998 அன்று தமது 87 ஆவது வயதில் காலமானார்.