கொட்சில்லாவில் வெட்டப்பட்ட ஹொண்டா

1954 நவம்பர் 3ஆம் திகதி யப்பானில் வெளியான ‘கொட்சில்லா’ 96 நிமிடப் படம். 1956இல் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தபோது 80 நிமிடமாகியிருந்தது. அதிலும் ஏறக்குறைய 20 நிமிடங்கள் அமெரிக்காவில் புதிதாக எடுத்துச் செருகப்பட்டவை. அப்படியானால் இயக்குநர் இஷிரோ ஹொண்டா சொல்ல வந்ததில் எவ்வளவு மிஞ்சியது?

ஹொண்டா 1911இல் யமகத்தா மாகாணத்து மலைக்கிராமம் ஒன்றில் பௌத்த மதகுருவின் மகனாகப் பிறந்தார். உதவி இயக்குநராகச் சினிமாவுக்குள் நுழைந்தார். நண்பர் குரொசாவா படங்களை இயக்கத் தொடங்கியபோது, இவர் மீண்டும் மீண்டும் படைக்கு அழைக்கப்பட்டுச் சீனாவில் நின்றார். போர்க்கைதியாக இருந்து 1946இல்தான் நாடு திரும்பினார். வரும் வழியில் அழிந்துகிடந்த ஹிரோஷிமாவைக் கண்டார். முதல் கதைப்படத்தை எடுக்கும்போது வயது நாற்பது.

1954 மார்ச் 1ஆம் திகதி பிக்கினித் தீவில் அமெரிக்கா ஐதரசன் குண்டைச் சோதித்தது. ‘லக்கி டிராகன்’ என்ற மீன்பிடிக் கப்பலில் இருந்த 23 யப்பானியர் மீது கதிரியக்கச் சாம்பல் விழுந்தது. செப்டெம்பரில் அவர்களில் ஒருவர் இறந்தார். கப்பலொன்று தீப்பற்றி மூழ்குவதுடன் கொட்சில்லா தொடங்குவது ஏனென்று யப்பானியருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நாகசாகியில் உயிர் தப்பியதைப் பற்றி ரயிலில் ஒரு பெண் பேசும் காட்சி அமெரிக்கப் பதிப்பில் இல்லை. அணுச் சோதனைகள் தொடர்ந்தால் இன்னொரு கொட்சில்லா வரலாம் என்று முதிய விஞ்ஞானி இறுதியில் எச்சரிப்பதும் இல்லை. பதிலுக்கு, ஆபத்து நீங்கியது என்ற ஆறுதல். குண்டு பற்றிய பேச்சை முற்றாக நீக்கிவிடவில்லை. ஆனால் அது மிருகம் எழுந்ததற்கான காரணமாக மட்டும் சுருங்கிவிட்டது.

செருகப்பட்டவர் ஓர் அமெரிக்கச் செய்தியாளர். நடித்தவர் ரேமண்ட் பர். யப்பானியப் பாத்திரங்களுடன் அவர் பேசும்போது எதிரே நிற்பவர்கள் முதுகு காட்டும் பதிலிகள். பல இடங்களில் யப்பானிய உரையாடல் அப்படியே ஓட, பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டு அவர் நமக்கு விளங்கப்படுத்துகிறார். ஊடகம் படித்தவளாக இந்தப் படத்தொகுப்பைக் கெட்டித்தனம் என்பேன். செய்தியாளராகப் பார்த்தால் உறுத்துகிறது. எரிகிற நகரத்தின் மக்கள் தங்கள் கதையிலேயே பின்னணியாகிவிட, யன்னலால் பார்த்து நின்றவர் பிரதான சாட்சியாகிறார். பர் கேலியில்லாமல் நடித்தார் என்பதையும், அந்தப் பதிப்புத்தான் கொட்சில்லாவை உலகெங்கும் கொண்டுபோனது என்பதையும் மறுக்க முடியாது.

ஹொண்டாவுக்கு இது ஒருமுறை மட்டும் நடந்ததல்ல. தொலைக்காட்சி விளம்பரதாரர்களின் பேராசையை நையாண்டி செய்த அவரது ‘கிங் கொங் எதிர் கொட்சில்லா’ (1962), அடுத்த ஆண்டே அமெரிக்காவில் செய்தி வாசிப்பாளர் ஒருவரின் விளக்கங்களுடன் வெளியானது. அகிரா இஃபுகுபேயின் இசையில் பெரும்பகுதியும் மாற்றப்பட்டது.

1975க்குப் பின் ஹொண்டா படம் இயக்கவில்லை. ‘ககெமுஷா’ தொடக்கம் குரொசாவாவின் கடைசிப் படம்வரை அவருக்குத் துணையாகப் பணியாற்றினார். 1993 பெப்ரவரியில் 81ஆவது வயதில் இறந்தார். வெட்டப்படாத கொட்சில்லா அமெரிக்கத் திரையரங்குகளில் பரவலாக ஓடியது 2004இல்.