கம்ப்யூட்டருக்குள் சிக்கிய அந்துப்பூச்சி: 'பக்' கதையால் பிரபலமான கிரேஸ் ஹாப்பர் யார்?

அலாரம் கடிகாரம் எப்படி ஓடுது? தெரிஞ்சுக்க ஆசைப்பட்ட 7 வயது சிறுமி அதைக் கழற்றினாள். திரும்ப மாட்டத் தெரியவில்லை. சரி, அடுத்ததைத் திறந்து பார்ப்போம் என்று போனதில் வீட்டில் இருந்த 7 கடிகாரமும் காலி! அம்மா கண்டுபிடித்தபோது போட்ட ஒரே நிபந்தனை: இனிமே ஒரு கடிகாரத்தை மட்டும்தான் பிரிக்கணும்.

அந்தச் சிறுமிதான் கிரேஸ் ஹாப்பர். 1906 டிசம்பர் 9-ம் தேதி நியூயார்க்கில் பிறந்தவர். 1934-ல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். வாஸர் கல்லூரியில் பேராசிரியை வேலை. இரண்டாம் உலகப் போர் வந்ததும் கடற்படையில் சேர முயன்றார். வயசு அதிகம், எடை குறைவு என்றார்கள். விடவில்லை. சிறப்பு அனுமதி வாங்கி 1943 டிசம்பரில் சேர்ந்தே விட்டார்.

அனுப்பப்பட்ட இடம் ஹார்வர்டு. அங்கே இருந்த 'மார்க் 1' கம்ப்யூட்டரின் நீளம் மட்டும் 51 அடி!

பூச்சி கிடைத்த நாள்

1947 செப்டம்பர் 9. அடுத்த இயந்திரமான 'மார்க் 2' தகராறு செய்தது. திறந்து பார்த்தால், எஃப் பேனலில் 70-ம் நம்பர் ரிலேக்குள் ஒரு அந்துப்பூச்சி. அதை அப்படியே லாக் புத்தகத்தில் டேப் போட்டு ஒட்டி, நேரம் மாலை 3.45 என்று குறித்து வைத்தார்கள். பூச்சியோடு அந்தப் பக்கம் இன்றைக்கும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆனா, சோஷியல் மீடியாவில் சுற்றுகிற கதையில் 2 தப்பு. பூச்சியைப் பிடித்தவர் ஹாப்பர் இல்லை, அவருடன் வேலை செய்தவர்கள். அவர் ஊர் ஊராகச் சொன்னதால் கதை பரவியது. 'பக்' என்ற வார்த்தையும் அன்று பிறக்கவில்லை. எடிசன் காலத்திலேயே கருவிக் கோளாறுக்கு அப்படிச் சொல்வது உண்டு.

உண்மையான சாதனை எது?

1952-ல் யூனிவாக் கம்ப்யூட்டருக்காக அவர் எழுதிய 'ஏ-0' கம்பைலர். புரோகிராமை இயந்திர மொழியில் ஒவ்வொரு எண்ணாக எழுதிய காலம் அது. அந்த வேலையில் ஒரு பகுதியை கம்ப்யூட்டரையே செய்ய வைக்கலாம் என்றார். கணக்குப் போடும் மெஷின் எப்படி புரோகிராம் எழுதும் என்று பலரும் நம்பவே இல்லை. இன்றைய கம்பைலரோடு ஒப்பிட்டால் ஏ-0 ரொம்ப எளிமையானது என்பதும் உண்மை. பிறகு ஆங்கில வார்த்தைகளால் எழுதும் 'ஃப்ளோ-மேட்டிக்', அதை ஒட்டி 1959-ல் உருவாகத் தொடங்கிய 'கோபால்' மொழி.

இதில் ஒரு சிக்கலும் சேர்ந்தே வந்தது. நாம் எழுதுவது ஒன்று, கம்பைல் ஆன பின் மெஷினில் ஓடுவது வேறொன்று. தப்பு நடந்தால் பேனலைத் திறந்து பூச்சி தேட முடியாது. அதற்குத்தான் டீபக்கர். 1986-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதிய 'ஜிடிபி'யை டெர்மினலில் இன்றும் பயன்படுத்துகிறார்கள். 'மைனஸ் ஜி' சேர்த்து கம்பைல் செய்தால் இயந்திரக் கட்டளை எந்த வரியிலிருந்து வந்தது என்ற குறிப்பும் கூடவே வரும். 'பிரேக்' போட்டு நிறுத்தலாம், 'பிரிண்ட்' போட்டு மதிப்பைப் பார்க்கலாம், 'பேக்டிரேஸ்' போட்டால் எந்த வழியாக அங்கே வந்தது என்று காட்டிவிடும். கடிகாரத்தை ஓட ஓடப் பிரித்துப் பார்க்கிற மாதிரிதான்.

ஓய்வு கொடுத்தும் விடவில்லை

1966-ல் ஓய்வு கொடுத்த கடற்படை, அடுத்த வருடமே 6 மாத வேலைக்கு என்று திரும்பக் கூப்பிட்டது. அந்த 6 மாதம் 1986 வரை நீண்டது! ரியர் அட்மிரலாக ஓய்வு பெற்றபோது அவருக்கு வயது 79. 1992 ஜனவரி 1-ம் தேதி காலமானார்.

அவர் பெயரில் அமெரிக்கக் கடற்படையில் ஒரு போர்க்கப்பல் ஓடுகிறது. தற்செயல்தான் என்றாலும், அதன் நம்பரும் 70.