காற்றின் சுழல்களைக் கணக்கிட்டவர்

கொந்தளித்து ஓடும் காற்றிலும் நீரிலும் பெருஞ்சுழல்களும் சிறுசுழல்களும் ஒன்றையொன்று எவ்வாறு பாதிக்கின்றன என்பதை அறிய, அறிவியலாளர்கள் இன்று வலைப்பின்னல் கணிதத்தை நாடுகிறார்கள். சுழல்கள் கணுக்கள், அவற்றின் பரஸ்பரத் தாக்கமே இணைப்புகள். இத்தகைய ஆய்வுகளைப் படிக்கும்போதெல்லாம் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என் நினைவுக்கு வருகிறார்.

1881-இல் இங்கிலாந்தின் நியூகாசிலில், போரை ஏற்காத குவேக்கர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். முதல் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்து, பிரான்ஸ் போர்முனையில் ஆம்புலன்ஸ் ஓட்டினார். காயமுற்றோரை ஏற்றிச் சென்ற நேரம் போக எஞ்சிய பொழுதில், 1910 மே 20-ஆம் நாளின் வானிலையைச் சமன்பாடுகளைக் கொண்டு கணித்துப் பார்த்தார். 6 மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 மில்லிபார் உயரும் என்று விடை வந்தது. உண்மையில் அன்று அழுத்தம் ஏறக்குறைய மாறவே இல்லை. பொய்த்த கணக்கை மறைக்காமல் 1922-இல் நூலாகவே வெளியிட்டார். அந்த நேர்மைக்காகவே அவர் மீது எனக்குத் தனி மதிப்பு.

பெருஞ்சுழல் தன் ஆற்றலைச் சிறுசுழலுக்கும், அது தன்னினும் சிறியதற்கும் கைமாற்ற, இறுதியில் பாகுத்தன்மை அந்த ஆற்றலை வெப்பமாக்கிவிடுகிறது என்ற கருத்தும் அந்நூலில்தான் இடம்பெற்றது. இந்தக் கைமாற்றம் படிப்படியாக மட்டுமே நிகழ்கிறதா, சிறியவை பெரியவற்றைத் திருப்பித் தாக்குகின்றனவா என்பதே வலைப்பின்னல் ஆய்வாளர்களின் இன்றைய கேள்வி.

1926-இல் அவர் இன்னொரு விதியைக் கண்டார். காற்றில் மிதக்கும் இரு துகள்களின் இடைவெளி 8 மடங்கானால், அவை மேலும் விலகிப் பரவும் திறன் 16 மடங்காகிறது. புகை எப்படிப் பரவும் என்பதைச் சொல்லும் கணக்கு இது. அதில் மிகுந்த அக்கறை காட்டியவர்கள் நச்சுவாயு வல்லுநர்களே என்று தெரிந்ததும் ஆய்வை நிறுத்தி, வெளியிடாதவற்றை அழித்துவிட்டார் என அவருடைய மனைவி டோரதி பின்னாளில் குறித்திருக்கிறார். வானிலைத் துறை விமான அமைச்சகத்தின் கீழ் வந்தபோது, 1920-இலேயே வேலையைத் துறந்தவர்தான் அவர்.

அழித்தது சரிதானா? ஆலைப்புகை எங்கே போய்ச் சேரும் என்பதைக் கணிக்கவும் இதே கணக்கு வேண்டுமே என்று நான் தயங்கியதுண்டு. ஆனால், போர்முனையில் அவர் ஏற்றிச் சென்ற உடல்களை நான் பார்த்தவனல்லன்.

பிறகு போர்கள் ஏன் மூள்கின்றன என்பதைக் கணிதத்தால் ஆராய்வதிலேயே பெரும்பாலும் வாழ்நாளைச் செலவிட்டார். சுழல்கள் மட்டும் அவரை விடவில்லை. 1953-இல் மறைவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, ஸ்காட்லாந்தின் கடற்கரையோரம் ஹென்றி ஸ்டோமெல் என்ற இளம் அமெரிக்கக் கடலியலாளருடன் நின்று, பார்ஸ்னிப் கிழங்குத் துண்டுகளை இரண்டிரண்டாக நீரில் எறிந்து, அவை விலகும் தூரத்தை அளந்துகொண்டிருந்தார்.