'பிளேடு ரன்னர்' முதல் 'மைனாரிட்டி ரிப்போர்ட்' வரை: சினிமாவுக்குத் தத்துவம் தந்த பிலிப் கே. டிக் யார்?

சில சயின்ஸ் ஃபிக்‌ஷன் படங்களைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது கேள்விகளும் கூடவே வந்துவிடும். நான் பார்ப்பதெல்லாம் நிஜம்தானா? என் நினைவுகளை யாராவது மாற்றிவிட்டால் நான் நானாகவே இருப்பேனா? மனிதரைப் போலவே பேசும் இயந்திரத்துக்கும் மனிதருக்கும் என்ன வித்தியாசம்?

இவை சினிமாக்காரர்கள் கண்டுபிடித்த கேள்விகள் இல்லை. தத்துவத்தில் நூற்றாண்டுகளாக அலசப்படுபவை. ஆனால், தத்துவப் புத்தகத்தைக் கையில் எடுக்காத கோடிக்கணக்கானவர்களிடம் இவற்றைக் கொண்டுசேர்த்ததில் ஒருவருக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் அமெரிக்க எழுத்தாளர் பிலிப் கே. டிக். 'பிளேடு ரன்னர்', 'டோட்டல் ரீகால்', 'மைனாரிட்டி ரிப்போர்ட்' மூன்றுமே அவருடைய கதைகளிலிருந்து பிறந்த படங்கள். இதில் ஒன்றைக்கூட அவர் முழுசாகப் பார்க்கவில்லை என்பதுதான் சோகம்.

இரட்டையரில் ஒருவர்

1928 டிசம்பர் 16 அன்று சிகாகோவில் குறைமாதத்தில் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. ஒன்று பிலிப், இன்னொன்று ஜேன். சுமார் ஆறு வாரத்தில் ஜேன் இறந்துபோனது. கொலராடோ மாநிலத்தின் ஃபோர்ட் மார்கன் என்ற ஊரில் குழந்தையைப் புதைத்த பெற்றோர், கல்லறைக் கல்லில் பிலிப்பின் பெயரையும் சேர்த்தே பொறித்துவிட்டார்கள். பிறந்த தேதி போட்டு, இறந்த தேதிக்கு மட்டும் இடம் காலியாக விடப்பட்டது.

தன் பெயர் பொறித்த கல்லறை ஒன்று காத்திருக்கிறது என்று தெரிந்தே வளர்ந்தவர் அவர். உயிர் பிழைத்தது ஏன் தான் மட்டும் என்ற உறுத்தல் கடைசிவரை போகவில்லை. அவர் கதைகளில் காணாமல் போன இரட்டையர் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான்.

வகுப்பை விட்டு வெளியேறியவர்

பெற்றோர் பிரிந்த பிறகு அம்மாவுடன் கலிபோர்னியாவின் பெர்க்லியில் வளர்ந்தார் டிக். 1949-ல் அங்கிருந்த பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். தத்துவமும் படித்தார். ஆனால், பதற்ற நோய் விடவில்லை. சில வாரங்களிலேயே படிப்பை நிறுத்திவிட்டு, இசைத்தட்டுக் கடை வேலையைத் தொடர்ந்தார். அத்தோடு கல்லூரிக் கல்வி முடிந்தது.

படிப்பு நின்றாலும் பிளேட்டோ அவரை விடவில்லை. கண்ணுக்குத் தெரியும் உலகம் முழு உண்மை இல்லை, அதற்குப் பின்னால் வேறொன்று இருக்கலாம் என்ற எண்ணம் மனதில் ஒட்டிக்கொண்டது. 1951-ல் அவர் விற்ற முதல் கதையிலேயே இதைப் பார்க்கலாம். அதில் ஹீரோ ஒரு நாய். குப்பை அள்ள வருபவர்களைப் பார்த்து அது குரைக்கிறது. மனிதர்களுக்கு அது வெறும் தொல்லை. நாய்க்கோ, தன் எஜமானர்கள் பத்திரமாகச் சேர்த்து வைத்த பொருளைக் கொள்ளையடிக்க வந்த பயங்கரப் பிறவிகள் அவர்கள். தெரு ஒன்றுதான், ஆனால் உலகம் இரண்டு. இதில் எது நிஜம்? பிற்காலத்தில் டிக் எழுதிய பல கதைகள் இந்த ஒரு கேள்வியைத்தான் பல விதமாகக் கேட்டன.

கையில் காசில்லாத காலம்

அன்று அறிவியல் புனைகதை என்றால் மலிவு விலைப் பத்திரிகை சரக்கு. கதைக்குக் கிடைக்கும் பணம் மிகக் குறைவு. செல்லப் பிராணிகளுக்கான கடையில் குதிரை இறைச்சி வாங்கிச் சாப்பிட்ட நாட்களை டிக் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

இலக்கிய எழுத்தாளராகப் பெயர் வாங்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. அதற்காக எழுதிய நாவல்களைப் பதிப்பகங்கள் நிராகரித்தன. 1963-ல் அந்தக் கையெழுத்துப் பிரதிகள் மொத்தமாக அவருக்கே திரும்பி வந்தன. அதே ஆண்டில்தான் 'தி மேன் இன் த ஹை கேசில்' நாவலுக்கு அறிவியல் புனைகதையின் பெருமைக்குரிய ஹியூகோ விருது கிடைத்தது. எழுதினால்தான் சாப்பாடு என்பதால், தூக்கத்தை விரட்டும் ஆம்ஃபெட்டமின் மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு அசுர வேகத்தில் எழுதினார். 40-க்கும் மேற்பட்ட நாவல்கள், சுமார் 120 சிறுகதைகள். ஐந்து திருமணங்களும் முறிந்தன. உடம்பும் மனசும் கொடுத்த விலை பெரிது.

யார் மனிதர்?

'தி மேன் இன் த ஹை கேசில்', இரண்டாம் உலகப்போரில் ஹிட்லர் தரப்பு வென்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கற்பனை. அதற்காகப் பல்கலைக்கழக நூலகத்தில் நாஜிகளின் ஆவணங்களைப் படித்தார் டிக். போலந்தில் இருந்த ஒரு நாஜி படையாளின் குறிப்பு அவரை உலுக்கியது. பட்டினியில் அழும் குழந்தைகளின் சத்தத்தால் தன் தூக்கம் கெடுகிறது என்று அந்த ஆள் அதில் சலித்துக்கொண்டிருந்தான்.

உருவத்தில் மனிதன், உள்ளே வேறு ஏதோ. இந்த அதிர்ச்சிதான் 1968-ல் வந்த 'டூ ஆண்ட்ராய்ட்ஸ் ட்ரீம் ஆஃப் எலெக்ட்ரிக் ஷீப்?' நாவலுக்கு விதை. மனிதரைப் போலவே இருக்கும் ஆண்ட்ராய்டுகளைத் தேடிப்பிடித்துக் கொல்வது நாயகன் டெக்கார்டின் வேலை. யார் மனிதர், யார் இயந்திரம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? புத்திசாலித்தனத்தை வைத்து முடியாது, இயந்திரங்கள் அதில் கெட்டி. அதனால் ஒரு உயிர் துன்பப்படுவதாகச் சொல்லி, எதிரில் இருப்பவரின் கண்ணும் முகமும் எப்படி மாறுகின்றன என்று அளக்கிறார்கள். பிறர் வலி உறைக்கிறதா என்பதுதான் பரீட்சை. மனிதருக்கு அடையாளம் அறிவு இல்லை, பரிவு என்பது டிக்கின் பதில்.

நினைவும் விதியும்

'டோட்டல் ரீகால்' படத்துக்கு அடிப்படை அவரது 1966-ம் ஆண்டு சிறுகதை. செவ்வாய்க் கிரகம் போக ஆசைப்படும் ஒரு சாதாரண ஊழியர், செலவு கட்டுப்படியாகாமல், போய்வந்தது போன்ற நினைவை மட்டும் விலைக்கு வாங்கப் போகிறார். மயக்கத்தில் ஆழ்த்திப் பார்த்தால், அவர் ஏற்கெனவே நிஜமாகவே அங்கே போயிருக்கிறார். அந்த நினைவு அழிக்கப்பட்டிருக்கிறது! நேற்றைய நானும் இன்றைய நானும் ஒரே ஆள் என்பதற்கு நினைவுதான் ஆதாரம் என்றார் 17-ம் நூற்றாண்டுத் தத்துவவாதி ஜான் லாக். அந்த நினைவே கடைச்சரக்கு ஆகிவிட்டால்? கதை அங்கேதான் நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிறது.

1956-ல் எழுதிய 'தி மைனாரிட்டி ரிப்போர்ட்' இன்னொரு சிக்கலைத் தொடுகிறது. எதிர்காலம் அறியும் மூன்று பேர் சொல்வதை வைத்து, கொலை நடப்பதற்கு முன்பே போலீஸ் ஆளைக் கைது செய்கிறது. ஒருநாள் அந்தப் பிரிவின் தலைவர் பெயரே பட்டியலில் வருகிறது. செய்யாத குற்றத்துக்குத் தண்டனை நியாயமா? முன்கூட்டியே தெரிந்ததால் ஒருவர் மனதை மாற்றிக்கொண்டால், அந்தக் கணிப்பு உண்மையா, பொய்யா? நாம் கடனைக் கட்டுவோமா என்று சாஃப்ட்வேர் ஊகித்துச் சொல்லும் காலத்தில் இது வெறும் கற்பனை இல்லை.

1974: அவருக்கே வந்த சோதனை

அந்த ஆண்டு பிப்ரவரியில் டிக் ஞானப்பல் பிடுங்கியிருந்தார். வலி மருந்து கொண்டுவந்த பெண்ணின் கழுத்தில் மீன் வடிவப் பதக்கம். ஆதி கிறிஸ்தவர்களின் அடையாளம் அது. அதைப் பார்த்த கணத்தில் தொடங்கி, பல வாரங்கள் அவருக்கு விசித்திரக் காட்சிகள் தெரிந்தன. தெய்வ தரிசனமா, மருந்தின் வேலையா, மனநோயா? ஒவ்வொரு விளக்கத்தையும் அவரே முன்வைத்தார், அவரே சந்தேகப்பட்டார். இறக்கும்வரை சுமார் 8,000 பக்கங்கள் எழுதியும் முடிவுக்கு வரவில்லை. அதில் ஒரு பகுதி 2011-ல் புத்தகமாக வந்தது.

பார்க்காமல் போன படம்

ஆண்ட்ராய்டு நாவலை ரிட்லி ஸ்காட் 'பிளேடு ரன்னர்' என்று படமாக்கினார். முதலில் வந்த திரைக்கதை டிக்குக்குப் பிடிக்கவில்லை. திருத்தி எழுதப்பட்டதைப் படித்த பிறகு சமாதானமானார். நாவலை ஓரங்கட்டிவிட்டு, படக் கதையைப் புதுப் புத்தகமாக எழுதித் தந்தால் பெரும் பணம் என்று பேரம் வந்தது. மறுத்துவிட்டார். சில நிமிடக் காட்சிகளை மட்டும் போட்டுக் காட்டியபோது அசந்துபோனார்.

1982 பிப்ரவரியில் பக்கவாதம் தாக்கியது. மார்ச் 2 அன்று, 53 வயதில் இறந்தார். ஜேனுக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள். 53 ஆண்டுகள் காலியாக இருந்த இடத்தில் தேதி பொறிக்கப்பட்டது. படம் வெளியானது ஜூன் 25 அன்று. அப்போது வசூலில் சோபிக்கவில்லை, இன்று கிளாசிக்.

எப்படிப் பார்க்கலாம்?

'பிளேடு ரன்னர்' பார்க்கப் போகிறீர்கள் என்றால், நாவலையும் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாவலில் ஆண்ட்ராய்டுகளுக்குப் பரிவு கிடையாது. படத்திலோ, தன்னைக் கொல்ல வந்தவரையே காப்பாற்றுகிறது ஒரு ஆண்ட்ராய்டு. ஒரே கதைக்கு இரண்டு எதிரெதிர் பதில்கள். எது சரி என்று யோசிக்கத் தொடங்கினாலே தத்துவ வகுப்பு ஆரம்பித்துவிடும்.

டெக்கார்டே ஒரு ஆண்ட்ராய்டா என்ற சண்டை ரசிகர்களிடையே இன்னும் ஓயவில்லை. நாவலில் டிக்கின் கவலை வேறு. கொல்வதையே தினசரி வேலையாகச் செய்யும் ஒருவர், எத்தனை நாள் மனிதராகவே இருக்க முடியும்?